கறண்டுக் காக்கா களத்துக்கு வந்த நாள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஓடிய ஜீப்புகளில், கறண்டுக் காக்காவிடம் ஏச்சு வாங்காத ஜீப் ஒன்றை யாராவது காட்டினால் நான் என் காதை அறுத்துத் தருகிறேன். ஜீப்பை மட்டுமா ஏசினார்? வாங்கியவன், அவனுக்கு விற்றவன், வாங்கியவனுக்குப் பெண் கொடுத்த மாமனார் என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஏசிவிட்டுத்தான் பொனட்டைத் திறப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த கதை இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

வாகனங்களுக்கு வயர் இழுப்பதுதான் அவர் தொழில். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; சொந்தப் பெயர் அவருடைய வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவருடைய ஏச்சிலும் ஒரு கணக்கு உண்டு. சத்தம் கூடினால் பழுது சின்னது. சத்தம் குறைந்தால் பெரியது. ஒருமுறை மருதமுனைக்காரர் ஒருவருடைய மோட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, காக்கா ஒன்றுமே பேசாமல் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அந்த மனிசன் அழாத குறை. “காக்கா, ஏசுங்க காக்கா! அல்லாஹ்வுக்காக ரெண்டு ஏச்சு ஏசுங்க!” என்று கெஞ்சினார். காக்கா வாய் திறக்கவில்லை. மோட்டர் கரிக்கட்டையாகப் போயிருந்தது.

எனக்கு அவரிடம் மாட்டிக்கொள்ளும் விதி சவூதியிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்த என் மச்சான் காற்றடிக்கும் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். பாலைவனத்தில் மணலுக்குள் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைப்பார்களாம். ஏறியபின் பெட்டரியில் ஓடும் இந்த மெசினால் மறுபடி அடிப்பார்களாம். வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிச் சேற்றுக்கும் அதே வைத்தியம்தான். வெறும் ஜீப் சேற்றில் இறங்கக் காற்றுக் குறைய வேண்டும். நெல் மூட்டை ஏற்றினால் காற்று வேண்டும், இல்லாவிட்டால் ரிம் டியூபை வெட்டிவிடும். எனக்குத் தலைகால் தெரியவில்லை. காலால் மிதிக்கும் பழைய பம்பை அன்றைக்கே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். மெசினை பொனட்டுக்குள் பூட்டி, லைட் போடும் சின்னச் சுவிச்சு ஒன்றை வைத்து நானே வயரும் இழுத்தேன். மூன்றாம் நாள் சுவிச்சு உருகி வழிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த காக்காவின் கடைக்கு ஜீப்பைக் கொண்டுபோனேன்.

“ஆர்ரா இந்த வேலையைச் செஞ்ச?” என்றார் காக்கா.

“நான்தான் காக்கா.”

“நீ எங்க படிச்ச மனே? இந்த மெசின் இழுக்கிற கறண்டு என்ன, இந்தச் சுவிச்சு தாங்கிற கறண்டு என்ன? முல்லைக்காரன் உத்தரவு போடுற ஆள். அவன்ட தலையில மூட்டையைத் தூக்கி வெப்பியா? மூட்டை தூக்கிறதுக்கு வேற ஆள் வேணும். அதுக்குப் பேர்தான் ரிலே!”

முல்லைக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் வயலை முன்னின்று நடத்துபவர். இதைவிட நன்றாக ரிலேயை விளக்க எந்த என்ஜினியராலும் முடியாது. ஆனால் இதை அவர் மெல்லச் சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பியூஸ், ரிலே, தடித்த வயர் என்று ஒழுங்காகப் பூட்டித் தந்தார். இனி அந்தக் கடை வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

அந்தப் போகம் வெட்டி, சூடடித்து, மூட்டை கட்டியாயிற்று. சூடடித்த டிரக்டர் அடுத்த வட்டைக்குப் போய்விட்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்துச் சோறு முழுக்கக் களத்தில் திறந்த வெளியில் கிடக்கிறது. நான் டயர்க் காற்றைக் குறைத்து, சேற்றில் ஜீப்பை இறக்கிக் களத்தில் நிறுத்தினேன். மூட்டைகளை ஏற்றினார்கள். சுவிச்சைப் போட்டேன். மெசின் மூச்சே விடவில்லை.

சத்தியத்தைக் கைவிட்டு ஆளனுப்பினேன். மோட்டர் சைக்கிளின் பின்னால் இருந்து என்னை ஏசிக்கொண்டேதான் காக்கா வந்திறங்கினார். முல்லைக்காரர் ஓடிவந்து மறித்தார்.

“காக்கா, இது களம். ‘இல்ல’ எண்ட சொல்லு இஞ்ச வரப்படா. பொலி போயிரும்.”

களத்தில் இல்லை என்ற சொல்லைச் சொன்னால் விளைச்சலின் பெருக்கம் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பெருக்கத்துக்குத்தான் பொலி என்று பெயர். காக்காவின் தொழிலோ நாள் முழுக்க ‘இரிக்கி’, ‘இல்ல’ என்று சொல்வது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு டெஸ்டர் லைட்டை எடுத்தார்.

பெட்டரியில் வைத்தார். எரிந்தது. “இரிக்கி.” பியூஸ். “இரிக்கி.” சுவிச்சைப் போட்டார், ரிலே ‘டிக்’ என்றது. “இரிக்கி.” மெசினுக்குப் போகும் வயர். “இரிக்கி.” முல்லைக்காரரின் முகம் மலர்ந்தது. மெசின் மட்டும் சும்மா கிடந்தது.

பிறகு டெஸ்டரின் மறு வயரைப் பெட்டரியின் பிளஸ்ஸில் கொழுவிவிட்டு, கறண்டு திரும்பிப் போகும் மெசினின் எர்த் வயர் ஜீப் உடம்பில் பூட்டியிருந்த ஆணியில் லைட்டை வைத்தார். எரியவில்லை. ஆணிக்குக் கீழே நகத்தால் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் வந்தது. போகத்துக்கு ஜீப் புதுசாக இருக்கட்டும் என்று நான்தான் அந்த ஆணியைக் கழற்றிப் பெயிண்ட் அடித்து, பெயிண்டுக்கு மேலேயே திரும்ப முறுக்கியிருந்தேன். காக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார்.

“எர்த் இல்லடா! எர்த்தே இல்ல! பெயிண்டுக்குள்ளால கறண்டு போகுமாடா? மூளை இல்ல ஒனக்கு! ஒண்டுமே இல்ல!”

நான்கு முறை. முல்லைக்காரர் தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

காக்கா கத்தியால் பெயிண்டைச் சுரண்டி ஆணியை முறுக்கினார். மெசின் உறுமிக்கொண்டு ஓடியது. நாலு டயரும் எழுந்தன. முதல் துளி விழும்போது கடைசி நடை றோட்டுக்கு ஏறிவிட்டது. நன்றி சொல்ல வேண்டிய நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஒரு சொல்லை அடக்க ஏலாதா காக்கா ஒங்களுக்கு? வாயா அது?”

பிழை என்னுடையது. ஏச்சு அவருக்கு. அவர் டெஸ்டரை மடியில் செருகிக்கொண்டு, மழையில் வரம்பு வழியே நடந்து போனார். அந்த நன்றிகெட்ட வாயை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒரு கிழமை கழித்து நான் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி, துவைத்த சாரம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“பொலி... குறைஞ்சு போச்சா மனே?”

அந்த மெல்லிய குரல் எனக்குப் பயத்தைத் தந்தது. விளைச்சல் குறைவுதான். பூச்சி விழுந்து அந்தப் போகம் வட்டை முழுக்கவே குறைவு. அவருடைய சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை எப்படிச் சொன்னாலும் குறைவு என்பதை மட்டும்தான் அவர் காது எடுத்துக்கொள்ளும்.

“போன வருஷத்தைவிடக் கூடத்தான் காக்கா,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

“பொறகு என்னடா, எர்த் ஆணிக்கு மேல பெயிண்ட் அடிச்ச மடையன்!” என்று தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். என் வாப்பாவில் தொடங்கி மச்சான் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.