ஒற்றைக்கண் ஓணானும் ஓயாத கருணையும்

மனிதர்களில் 'காப்பாற்றியவர்' என்றொரு இனம் உண்டு. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவரைச் சொல்லவில்லை. அவர் சாதாரண நல்லவர், அவரை விடுங்கள். நான் சொல்வது, காப்பாற்றி முடித்த பிறகும் காப்பாற்றுவதை நிறுத்த முடியாதவரை. கண்டுபிடிப்பது சுலபம். "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னிக்குப் பரவாயில்ல, ரெண்டு புழு உள்ள போச்சு" என்பார்.

எனக்குத் தெரிந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதைப் பழமொழியில்தான் கேட்டிருக்கிறோம். இவர் அதை மெய்யாகவே செய்தார். பூனை வாயிலிருந்து மீட்ட ஓணான். வலது கண் போய்விட்டது, முன்னங்கால் ஒன்று கோணிக்கொண்டது. கதையை முதல் தடவை சொன்னபோது அந்தப் பூனை குட்டி. கடைசியாக நான் கேட்டபோது அது கிட்டத்தட்டச் சிறுத்தை.

ஓணானுக்கு 'சின்னவர்' என்று பெயர். சின்னவர் வந்த நாளிலிருந்து கூடத்தில் மின்விசிறி சுற்றக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும், விருந்தாளி யாராக இருந்தாலும் கண்ணாடித் தொட்டிக்கு இடது பக்கமாகத்தான் உட்கார வேண்டும், ஏனென்றால் வலது பக்கம் உட்கார்ந்தால் அவருக்குத் தெரியாது, மனசு கஷ்டப்படும். யார் மனசு? நான் கேட்டேன். அன்று எனக்குக் காபி வரவில்லை.

சாப்பாட்டு வேளை இன்னும் விசேஷம். இடுக்கியில் புழுவைப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஆ... ஆ... என் ராசால்ல" என்று கெஞ்சுவார். ஓணான் வாயைத் திறக்கும்வரை இவர் வாய் மூடாது.

கால்நடை மருத்துவர் ஒருநாள் பொறுமையிழந்தார். "புழுவை அதோட இடது பக்கமா விட்டுடுங்க சார், அதுவே பிடிச்சுக்கும். இப்படியே ஊட்டிட்டிருந்தா வேட்டையே மறந்துடும். அப்புறம் நீங்க இல்லாத அன்னிக்குப் பட்டினி கிடந்தே செத்துடும்."

வழியெல்லாம் நம்மவர், அந்த டாக்டரம்மாவுக்கு ஈர நெஞ்சே இல்லை என்று புலம்பிக்கொண்டு வந்தார். மனைவி கேட்டார்:

"கடைக்கு வர்றவங்களை ஒரு கண்ணை மூடிட்டு இன்னொண்ணால படிக்கச் சொல்றீங்க. எல்லாரும் படிக்கத்தானே செய்யறாங்க?"

"அவங்களும் இதுவும் ஒண்ணா? இது வாயில்லா ஜீவன்."

மனைவி வாயுள்ள ஜீவன். ஆகவே கணுக்கால் சுளுக்கி அந்த அம்மாள் நொண்டிக்கொண்டிருந்ததை நம்மவர் கவனிக்கவே இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கடைக்குச் சரக்கெடுக்க வெளியூர் போக வேண்டி வந்தது. மூக்கால் அழுதுகொண்டே போனார். போனவர் மணிக்கொரு தரம் போன் செய்தார். "சாப்பிட்டாரா?" எங்கே சாப்பிட? சுளுக்கிய காலோடு குனிந்து இடுக்கி பிடிக்க அம்மாளால் முடியவில்லை. சின்னவரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே காத்திருந்தது. செத்துத் தொலைத்தால் பழி யார் தலையில்? அதைவிட, பாவம், அந்தத் திறந்த வாயைப் பார்க்கவே அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி இடது பக்கமாக ஒரு புழுவை விட்டார். ஓணான் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பாய்ந்தது. தவறியது. மறுபடி பாய்ந்தது. லபக்!

"என்னங்க! தானே பிடிச்சுத் தின்னுடுச்சுங்க!" போனிலேயே அழுதுவிட்டார் அம்மாள்.

மறுமுனையில் ஈனஸ்வரத்தில், "நல்லா மென்னு தின்னுச்சா?"

ஒரு வாரம் கழித்து அவர் ஊர் திரும்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். சின்னவர் கோணல் காலை இழுத்துக்கொண்டு ஒரு கரப்பானை விரட்டிக்கொண்டிருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இளைச்சுட்டாரே" என்றார். இளைப்பா? வயிறு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இடுக்கியை எடுத்து "ஆ" என்றார். ஓணான் தெரியாத கண்ணை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு கரப்பானை மென்றது.

இடுக்கியும் கையுமாக மனிதர் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"உன் கால் எப்படி இருக்கு?"

"அது எப்பவோ சரியாப் போச்சே."

"இல்ல இல்ல, உனக்குத் தெரியாது. அசையாதே!" மனிதர் முகத்தில் அப்போதுதான் களை வந்தது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது "நானே பாத்துக்கறேன், விடுங்க" என்று சொன்னபோது விட்டீர்களா? விட்டேன் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கள்.