கரடியிடம் சுமை கொடுத்த சாமியார்

"கோர்... கோர்ப்... சனியன், நாக்குல நிக்க மாட்டேங்குதே!" என்று சொக்கன் அரிசி மூட்டையைப் பொத்தென்று போட்டான்.

பசுந்தாங் படித்துறையில் மூட்டை தூக்குகிற கூட்டம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் ரூபாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. "பையனுக்குத் தாத்தா பேரு வச்சாச்சுப்பா" என்று அவள் போனில் சொன்ன மறுநொடி நெட் படுத்துவிட்டது. தலைப்பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவர் பெயர்தானே வைப்பார்கள்? அந்த வெள்ளைக்காரச் சம்பந்தியின் பெயர் கோர்பினியன். பேரனுக்குத் தன் பெயர்தான் என்று பிள்ளை பிறக்கும் முன்பே ஊரெல்லாம் பீற்றி, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருந்தான் சொக்கன். ரோஷத்தில் மகளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

"சின்னச் சொக்கன் எப்படிண்ணே இருக்கான்?" என்றான் கூட்டாளி தவ்ஹீத்.

"சொக்கன் இல்லப்பா, கோர்பினியன். அங்க அது பெரிய சாமியாரு பேரு. சொக்கனைவிட ஒசத்தி!" என்று வீம்புக்குச் சொல்லி வைத்தான்.

தவ்ஹீத் விடுவானா? மத்தியானம் நெட் வந்ததும் போனில் துழாவிவிட்டான்.

"அண்ணே, ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தின ஆளு. ரோமுக்குப் போற வழியில அவரு குதிரையை ஒரு கரடி அடிச்சுப்புடுச்சாம். சாமியாரு பயப்படலையே! 'குதிரையைத் தின்னியா, அப்ப சுமையை நீ தூக்கு'ன்னுட்டாரு. கரடியும் ரோம் வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கு. அந்தப் பக்கத்துக்காரங்க இன்னிக்கும் பிள்ளைக்கு அவரு பேரை வைக்கிறாங்க."

"பாத்தியா!" சொக்கனின் நெஞ்சு விரிந்தது.

"ஆனா, அந்தப் பேரே அண்டங்காக்காய்ங்கிற சொல்லுல இருந்து வந்திருக்கலாம்னும் போட்டிருக்கு."

விரிந்த நெஞ்சு பொசுக்கென்று அடங்கியது. படித்துறை முழுக்க "கா... கா..." என்று கத்த ஆரம்பித்தது.

காக்கையை மறைக்கக் கரடியைப் பிடித்து இழுத்தான் சொக்கன். "காக்காயை விடுங்கடா! கரடியையே கூலியாளாக்கின மகான்! அவரு பேரைச் சொன்னா மூட்டை தானா எந்திரிக்கும்."

அவ்வளவுதான். "கோர்பினியா, ஐலசா!" என்று கூவிக்கொண்டே ஆளாளுக்கு மூட்டையைத் தூக்கினார்கள். சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி சிவநாதன் கதையை முழுசாகக் கேட்டு ரசித்தார்.

"அப்படியாப்பட்ட சாமியாரு தொணை இருக்கையில ஒனக்கு எதுக்கு ஒத்த மூட்டை? ரெண்டாத் தூக்கு."

"மேஸ்திரி, நான் என்ன கரடியா?"

"நீ யாரு குதிரையைத் தின்னியோ, எனக்கென்ன தெரியும்?"

சாயங்காலத்துக்குள் சொக்கனின் கழுத்து தோளுக்குள் போய்விட்டது. ஆனால் இரண்டு மூட்டைக்கு அடியில் கிடந்து கூவியதில் அந்தப் பெயர் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரோஷமும் வியர்வையோடு போய்விட்டது. எந்தப் பெயராக இருந்தால் என்ன, பேரன் பேரன்தானே?

டீக்கடையில் தவ்ஹீத்தின் போனைப் பிடுங்கி வீடியோ போட்டான். படித்துறைக் கூட்டமே முதுகில் ஏறி எட்டிப் பார்த்தது. திரையில் ரூபா, மடியில் குழந்தை, பின்னால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு ஒரு வெள்ளை மீசைக்காரர்.

"கோர்பினியா! என் ராசா! தாத்தாவைப் பாருடா!"

"கோர்பினியா!" என்று கூட்டமும் கத்தியது.

குழந்தை கொட்டாவி விட்டது. மீசைக்காரர்தான் கத்தியும் கையுமாகத் துள்ளி எழுந்தார்.

ரூபா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்ப்பா என் மாமனாரை ராசாங்கிறீங்க? பேரனுக்குத் தன் பேரை வைக்கலைன்னு அவரே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு. இந்தச் 'சொக்கன்' எந்தச் சாமி, அது என்னத்தைச் சுமந்துச்சுன்னு ஒங்களைக் கேக்கச் சொல்றாரு!"