கேமரா தலை திருப்பவில்லை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் ரத்த அழுத்தமும் என்னைவிட்டுப் பிரியாமல் நலமாக இருக்கிறது. அங்கே நீ, மருமகள், பாப்பா மூவரும் சௌக்கியமா? போனில் பேசினால் "மீட்டிங்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ உத்தரவிட்டபடி வீட்டு நெட்டுக்கு விபிஎன் என்கிற பூட்டைப் போட்டாயிற்று. கூடத்துக் கேமராவை எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எங்கோ படித்துவிட்டுப் பதறினாய். இந்த வீட்டில் பார்ப்பதற்கு என்னை விட்டால் சோபாதான் இருக்கிறது என்றேன், கேட்டாயா? நெட் இணைப்புக்காரர் வந்து கேமராவின் பாஸ்வேர்டைக் கேட்டார், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றேன், மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு ரூட்டரை நோண்டினார், டிவி ஊமையானது, கடைசியில் சாவி என்று ஒரு கட்டம் போட்ட படத்தை என் போனுக்கு அனுப்பி "இதை உங்க பையனுக்கு மட்டும் அனுப்புங்க சார்" என்றார், நான் பதற்றத்தில் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைத்தேன். உன் சித்தப்பா கைகூப்பினார், அத்தை "குறுக்கெழுத்தா? விடை எப்ப வரும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பூட்டையும் சாவியையும் மாற்றி எல்லாம் முதலிலிருந்து. "இனிமே உங்க பையனத் தவிர ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கேமரா தலையைத் திருப்பவே இல்லை. ஆப்பில் யாராவது விரலால் தள்ளினால்தான் அது திரும்பும் என்று மாட்டும்போது நீதானே சொன்னாய்? அதற்கு முன்பெல்லாம் காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் 'கிர்' என்று என் பக்கம் திரும்பும். சமையலறைக்குப் போனால் அங்கேயும் எட்டிப் பார்க்கும். நீதான் பார்க்கிறாய் என்று தினமும் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொள்வேன். மாத்திரையைத் தூக்கிக் காட்டி, "பாத்துக்கடா, முழுங்கிட்டேன்" என்பேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என் பக்கம் திரும்பியது அது ஒன்றுதான்.

கேமரா பழுது என்று நினைத்து உன்னைக் கூப்பிட்டேன். "அந்த ஆப் போன வருஷம் போன் மாத்தினப்பவே போயிடுச்சுப்பா. டைம் கெடைக்கிறப்ப போடறேன்" என்றாய். அப்புறம் மீட்டிங்.

அப்படியானால் இத்தனை நாளாக என்னைப் பார்த்தது யார்? கோபம் தலைக்கேறியது. எவனோ ஊர் பேர் தெரியாதவனுக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டேன்? திருட வந்தவனாக இருந்தால் ஒரு கிழவன் மாத்திரை விழுங்குவதை மாசக்கணக்கில் பார்த்துக்கொண்டா இருப்பான்? அன்று சாப்பாடு இறங்கவில்லை, கொஞ்சம் அழுதேன்கூட. ஆனாலும் நீ சொன்னதே சரி. பாதுகாப்புதான் முக்கியம். விபிஎன் அப்படியே இருக்கட்டும். சாவி உன்னிடம் இருக்கிறது, முடிந்தபோது பார்.

மருமகளுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசிகள். உன் மீட்டிங்குகள் எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மனசு கேட்கவில்லை. நெட் இணைப்புக்காரரைக் கூப்பிட்டு விபிஎன்னை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே செய்தார். இன்று காலை கேமரா திரும்பியது. "வாங்க, நல்லா இருக்கீங்களா? நான்தான் கொஞ்ச நாள் கதவைச் சாத்திட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன்.