எட்டாம் மாடியில் யாழ்ப்பாணம்

"அத்தான், அங்கை இப்ப இரவு ஒன்பதரையெல்லோ? பின்னை என்னெண்டு உங்களுக்குப் பின்னாலை வெய்யில் எறிக்குது?"

போனில் மச்சான் அன்புராசாவின் முகம். ஸ்ரீஸ்கந்தராசா திரும்பி யன்னலைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில், தன் எட்டாம் மாடி வீட்டில், சாரத்தோடு கதிரையில் இருந்தார்.

"உது வெய்யிலில்லையடாப்பா. கோயில் திருவிழா லைற்."

"காட்டுங்கோவன், கும்பிடுவம்."

"கமரா விடமாட்டாங்கள்!" என்று வெட்டிவிட்டார்.

போன கோடையில், பக்கத்து ஊரான பிக்கரிங்கில் அன்புராசாவின் பேஸ்மென்ற்றில் ஒரு சுவர் வைத்துக் கொடுத்தார். கூலி கொத்துரொட்டி. சுவர் நிமிர்ந்தது, முதுகு நிமிரவில்லை. இந்தக் கோடையும் அங்கே ஏதோ வேலை என்று காதில் விழுந்ததும், பிறம்ரன் வேர்ஹவுசில் பெட்டி தூக்கித் தூக்கிக் கிடைத்த ஒரு கிழமை லீவைக் காப்பாற்ற, ஊருக்குப் போவதாகப் புளுகினார். முந்தி ஊருக்குப் போனபோது கட்டுநாயக்கா விமானநிலையத்தில் வாங்கிய சுற்றுலாச் சிம்மின் இலக்கத்தில் வாட்ஸ்அப் இன்னும் உயிரோடிருந்தது. பொய்க்கு அது போதும்.

மனைவி ரதி யன்னலில் போர்வையைக் கட்டினாள். "என்ரை தம்பிக்குப் பொய் சொல்லுறதெண்டால் மணிக்கூட்டைப் பாத்தெல்லோ சொல்லவேணும்."

போன் மறுபடி அடித்தது.

"என்னத்தான், ஒரே இருட்டு?"

"கறண்ட் போட்டுது."

அந்த நேரம் பார்த்து, கீழே ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"உதென்ன சத்தம்?"

"பாண்காறன்ரை ஓட்டோ. இஞ்சை பாட்டுப் போட்டுத்தானே விக்கிறவங்கள்."

"இரவு பத்து மணிக்கோ?"

"நாடு முன்னேறிட்டுது, மச்சான்."

அன்புராசா சிரிக்கவில்லை. "அதை விடுங்கோ. எப்ப திரும்பி வாறியள்?"

"ஞாயிறு."

"ஞாயிறோ?" குரல் பதறியது.

ஸ்ரீஸ்கந்தராசா மனதுக்குள் கணக்குப் போட்டார். திங்களே வேலையைத் தொடங்கிவிடுவான் போலிருக்கிறதே! "இல்லையில்லை, ஒரு கிழமை பிந்தும்."

"நிச்சயமோ?"

விடமாட்டான்! "மூண்டு கிழமை! டிக்கெற் மாத்தியாச்சு!"

ரதி தலையில் கைவைத்ததைக் கண்டு, அவசரமாக மைக்கை அமத்தினார்.

"மூண்டு கிழமையோ?" என்று ரதி பாய்ந்தாள். "அடுத்த சனிக்கிழமை இஞ்சை கோயில் தேர், அவனும் வந்து நிப்பான். திங்கள் உங்களுக்கு வேலை. அவன்ரை காரிலைதானே போறனியள்? இனி யாழ்ப்பாணத்திலையிருந்தோ பிறம்ரனுக்குப் போகப் போறியள்?"

"பஸ்ஸிலை போறன், தொப்பி போட்டுக்கொண்டு. என்ரை முதுகு தப்பவேணும். அவனிலை பிழையில்லை, நான் வைச்ச சுவர் கோயில் மதில் மாதிரி. ஒருக்காப் பாத்தவன் வேறை ஆளைத் தேடுவானோ?"

பெருமையோடு போனைப் பார்த்தார். அன்புராசா வெட்ட மறந்து மேசையில் போட்டுவிட்டான் போலும். படத்தில் வெறும் முகடுதான் தெரிந்தது. அவன் மகள் சாம்பவியின் குரல் வீடதிரக் கேட்டது.

"அம்மா, வி ஆர் சேஃப்! மாமா வர மூண்டு கிழமையாம். அவர் வைச்ச கோணல் சுவரை இனிப் பயமில்லாமல் இடிக்கலாம்!"