எச்சில் தட்டுகளை எடை போட வந்த பெண்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பல்கலைக்கழக விடுதிச் சமையல் வேலையை விடப்போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு. உணவு வீணாவதைக் குறைக்க ஆராய்ச்சி என்று ஒரு பெண் தராசோடு வந்து, தட்டு கழுவும் இடத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் மிச்சம் வைத்ததைச் சோறு தனி, பருப்பு தனி என்று பிரித்து எடை போட்டாள். முதல் நாளே நாற்பத்திரண்டு கிலோ! இருபது வருஷமாகக் குப்பைத்தொட்டிக்கா சமைத்தேன் என்று வயிறு எரிந்தது. தொட்டிக்கு மேலே ஒரு கேமரா வேறு. என்ன சாப்பாடு என்று அதுவே சொல்லுமாம். நான் வதக்கிய கத்திரிக்காயைப் பார்த்து அது 'அடையாளம் தெரியவில்லை' என்றது.

எனக்குப் புத்தி கெட்டது. மறுநாள் மிச்சத்தில் பாதியை அவளுக்குத் தெரியாமல் பையில் கட்டிப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனேன். பை கிழிந்து வழியெல்லாம் கொட்டியது. நிமிர்ந்தால், அவளே நிற்கிறாள்! வேலை போச்சு என்றே நினைத்தேன். அவளோ குனிந்து அள்ளியபடி, "அண்ணே, இதையும் எடை போட்டுடலாமா? இல்லைன்னா ஆராய்ச்சி தப்பாயிடும்" என்கிறாள். ஒரு முறைப்பு கூட இல்லை, அக்கா!

ஏன் மிச்சம் வைக்கிறீர்கள் என்று முந்நூறு பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு ஒருநாள் வந்து சொன்னாள்: "உங்க சமையல்ல குறையே இல்லண்ணே. கரண்டிதான் பெருசு. அப்புறம்... போதும்னு சொல்ல பசங்களுக்குப் பயம்."

"நானா பயமுறுத்துறேன்?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

சின்னக் கரண்டி வாங்கினோம். "எவ்வளவுப்பா வேணும்?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். வாரக் கடைசியில் ஒரு நாள் மிச்சம் பதினேழே கிலோ! நம்பாமல் மூன்று முறை எடை போடச் சொன்னேன். ராக்கெட் விடுவதுதான் விஞ்ஞானம் என்று இருந்தேன். எச்சில் தட்டைப் பார்த்தே என் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டாளே!

உன் பிள்ளைகள் அவளைப் போல் வளரட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று அவளை வழியனுப்ப விருந்து வைத்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் அள்ளி அள்ளிப் போட்டேன். மிச்சம் அறுபத்தொரு கிலோ. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போறேண்ணே" என்கிறாள்.