தவணை கொடுத்த எமன்

தூக்குத் தண்டனையே கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய ஒருவரை, தூக்குப் போடும் வேலைக்கு அலைகிறவர் என்று தேயிலைத் தோட்டம் முழுக்க நம்பவைத்தவன் நான். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பொய்யையும் பாடம் நடத்துவது போலத் தெளிவாகச் சொன்னேன்.

எமலோகம் தொடங்கிய நாளிலிருந்து அவரைப் போல ஓர் எமன் இருந்திருக்க முடியாது. லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், மாசி மாதக் காமன் கூத்தில் எப்போதும் அவர்தான் எமன். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்ததும், பாசக்கயிற்றோடு வந்து உயிரைக் கொண்டுபோக வேண்டும். இவரோ கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்குப் பேசுவார்.

“சாமி, இவன் பக்கத்து நியாயத்தக் கேட்டீங்களா? ஒரு தவணையாச்சும் குடுங்க.”

சிவன் பல்லைக் கடிப்பார். “யோவ், நெத்தில சூடம் எரியுதுய்யா! சீக்கிரம் தூக்கிட்டுப் போய்யா!”

கோர்ட்டில் வழக்கைத் தள்ளிப்போட்டால் தவணை என்போம். அதனால் அவர் ‘தவணை எமன்’ ஆனார்.

வேஷம் கலைத்தாலும் குணம் கலையாது. தோட்டத்துக் காவல்காரர். விறகு திருடியவளைப் பிடித்தால் அரை மணி நேரம் விசாரிப்பார். கடைசியில் அவரே விறகுச் சுமையை அவள் தலையில் தூக்கிவைப்பார். தொழிலாளர் லயத்தில் பொறியில் சிக்கிய எலியை அடிக்கப் போனார்கள். “அரிசியத் தின்னது இதேதான்னு பாத்தது யாரு?” என்று தடுத்து, பஸ் ஏற்றி உடப்புசல்லாவை வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

போதைத்தூள் விற்பவர்களைத் தூக்கில் போடப்போவதாக அரசாங்கம் சொல்லி, தூக்குப் போடும் அலுகோசு வேலைக்கு ஆள் தேடிய சமயம் அது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் அந்தச் செய்தியை உரக்கப் படித்து, “இதுதான் சரி” என்றேன். என்னிடம் படித்த ஒருவன் அந்தத் தூளால் செத்திருந்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தவணை எமன் கோப்பையைக் கீழே வைத்தார். “காமன எரிச்ச சிவன் மூணாம் நாளு எழுப்பிட்டாரு. அவரு சாமி. கவர்மெண்டு எழுப்புமா சார்? ஆள் மாறிப் போச்சுன்னா? நீங்க தப்பான புள்ளைய அடிச்சதே இல்லையா?”

கடைக்காரன் தலையை நீட்டினான். “ஏன் இல்ல? பள்ளிக்கூட மணியத் திருடினேன்னு என்னயத்தான் வெளுத்தாரு. மணி கூரைல கெடந்துச்சு. கொரங்கு கொண்டுபோயிருக்கு!”

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இரண்டு நாள் என்னை உட்காரவிடவில்லை. மூன்றாம் நாள் அதே கடையில் சொன்னேன்: “அவர் ஏன் அப்படிப் பேசுறாருன்னு தெரியுமா? அலுகோசு வேலைக்கு அவரே அப்ளிகேசன் போட்டிருக்காரு. மத்தவங்க போட்டிக்கு வரக் கூடாதுன்னுதான் இந்தப் பேச்சு.”

பொய்க்குக் கால் முளைத்தது. ஹட்டனைத் தாண்டும்போது அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. மறுபக்கம் பட்டிப்பொலைக்குப் போவதற்குள் இரண்டு பேரைத் தொங்கவிட்டிருந்தார். அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் ஆளில்லை. கூத்துக் கமிட்டி கூடியது. “நெசமா கயிறு மாட்டப்போற ஆளு வேசம் கட்டினா தோட்டத்துக்கு ஆகாது” என்று பாசக்கயிற்றைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

யார் கிளப்பியது என்று தெரியாமல் என்னிடமே வந்தார். “ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து கேக்கல சார். எலிக்குக்கூட நான் கேட்டேனே.”

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கூத்தன்று புது எமன் ஒரு வார்த்தை பேசாமல் காமனின் உயிரை இழுத்துப் போனதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. மேடையேறி மைக்கைப் பிடித்து, நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

சபையில் ஒரு அக்கா மூக்கைச் சிந்தினார். “பாத்தீங்களா, அடுத்தவன் பழியத் தன் தலைல போட்டுக்கிறாரு. சாருக்கு எம்புட்டுப் பெரிய மனசு!”

எல்லோரும் கை தட்டினார்கள். எடுத்த உயிரை எழுப்புவது இருக்கட்டும், சொன்ன பொய்யையே என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நம்புங்கப்பா! அவரு அம்புட்டு நல்லவரெல்லாம் இல்ல!”

தவணை எமன். சனம் வெடித்துச் சிரித்தது. சிரித்த பிறகுதான் நம்பியது. புது எமன் தானாகவே கயிற்றைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினான். அவர் மேடையேறி என் கழுத்தில் போட்டார்.

“சாருக்கு என்ன தண்டன?”

“தூக்கு!” என்றது தோட்டம்.

அவர் என் காதருகே குனிந்தார். “இறுக்குதுங்களா சார்?” சுருக்கைத் தளர்த்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார்: “இவர இன்னும் விசாரிக்கணும். வர்ற ஞாயித்துக்கெழம தவணை!”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். பிளேன்டீ குடிக்கிறார். செத்துப்போன என் மாணவனைப் பற்றி நான் கத்துகிறேன், குறுக்கிடாமல் கேட்கிறார், கேட்டுவிட்டு “ஆள் மாறிப் போச்சுன்னா?” என்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார். பிறகு, “அடுத்த கெழம பாப்போம் சார்” என்று குடையை விரிக்கிறார்.

இன்றும் ஞாயிறு. காலையிலிருந்து மழை. கேத்தல் தண்ணீரை மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டு, அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தபடி இருக்கிறேன். குற்றவாளி தயார், எமனைத்தான் இன்னும் காணோம்.