பொட்டலம் சார் வைத்த காது

விழுப்புரத்தில் ஒரு டீ சொல்வதற்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொண்ட மனிதர் இதுவரை ஒருவர்தான். அவர் எங்கள் பொட்டலம் சார். அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், கல்யாண ஆல்பம் செய்கிற ஆபீஸ் ஒன்று. பெருக்கித் துடைத்து டீ வாங்கி வருவது என் வேலை. நான் ஐந்தாவதோடு நின்றவள். படித்தவர்கள் நடுவே வாய் திறக்கக் கூச்சம். ஓனர் எதிரே வந்தால் கதவோடு ஒட்டிக்கொள்வேன். கண்டாச்சிபுரம், வளவனூர் பக்கத்துப் போட்டோக்காரர்கள் அனுப்பும் படங்கள் எல்லாம் மூலையில் இருக்கும் ஒரு பெரிய மெஷினுக்குள் போய் உட்காரும். அந்த மெஷினுக்கு உத்தரவு எழுதுகிறவர் பொட்டலம் சார். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரி வரியாக அடிப்பார். அடித்துவிட்டு, சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். அதில் ‘சர்க்கரை இல்லாத டீ’ என்று எழுதி, முன்னால் இரண்டு சின்னக் கோடு, பின்னால் இரண்டு சின்னக் கோடு போட்டிருந்தார்.

எப்படித்தான் எனக்குத் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். “இது இன்னா சார், டீக்குக் காது வச்சிருக்கீங்க?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாருமே கேட்டதில்லையாம்.

“அக்கா, இந்த மெஷினு இருக்குதே, நடுவுல கொஞ்சம் எடம் வுட்டா போதும், அங்க வெட்டிடும். சர்க்கரை ஒண்ணு, இல்லாத ஒண்ணு, டீ ஒண்ணு. மூணு சாமான்னு நெனச்சிக்கினு மூணுக்கும் தனித்தனியா அலையும். ரெண்டு பக்கமும் காது வச்சிக் கட்டிட்டா ஒரே பொட்டலம். பிரிக்காது.”

“டீக்கடைக்காரரு மெஷினு இல்லீங்களே சார்.”

“பழக்கம் வுட்டுப் போவக்கூடாதுக்கா.”

டீக்கடையில் அந்தச் சீட்டுக்குத் தனிக் கூட்டமே கூடும். கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். “அஞ்சல அக்கா, இன்னிக்கி காது நாலும் இருக்குதா? ஒண்ணு கொறஞ்சாலும் சக்கரைய தனியா மடிச்சிக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்.”

பொட்டலம் சாரின் பேச்சிலும் காது உண்டு. இரண்டு கையையும் முகத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தூக்கி, விரலை மடக்கிக் காட்டிவிட்டுத்தான் சொல்வார். ஒருநாள் பஸ்ஸில் அப்படித்தான் கையைத் தூக்கிக்கொண்டு, “விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு” என்றிருக்கிறார். கண்டக்டர், “கைய எறக்கு சார், நான் இன்னா உன்னப் புடிச்சிக்கினு போவவா வந்துக்கிறேன்” என்றாராம். இதை அவரே வந்து எங்களிடம் சொன்னார். கண்டக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது மட்டும் கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

இந்த ஜாக்கிரதையே ஒருமுறை அவரைக் கவிழ்த்தது. எங்கள் பக்கத்தில் பேனரானாலும் பத்திரிகையானாலும் பட்டப்பெயருக்கு இரண்டு பக்கமும் காது வைத்துத்தான் போடுவார்கள். கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, வேர்க்கடலை வியாபாரி, ‘மல்லாட்டை’ மணி. ஆர்டர் ஃபாரத்திலும் மல்லாட்டைக்குக் காது வைத்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பொட்டலம் சாருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. “பேருக்குள்ளயே காது இருக்குதுக்கா. மெஷினு அத பொட்டலம் முடிஞ்ச எடம்னு நெனச்சிக்கினு நடுவுலயே பிரிச்சிடும்.” அதற்கு வைத்தியம், அந்தக் காதுக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு போடுவதாம். ‘இது கட்டின காது இல்லை, பெயரோடு பிறந்த காது’ என்று மெஷினுக்கு அடையாளம். போட்டார். பயம் போகவில்லை. அட்டை எழுத்து அமைக்கிற அடுத்த மேசைக்குப் போய், அங்கே தேவையில்லாமலே இன்னொரு தடவையும் போட்டார்.

ஆல்பம் அச்சாகி வந்தபோது அட்டையில் தங்க எழுத்து மின்னியது. மல்லாட்டைக்கு இரண்டு பக்கமும் சாய்ந்த கோடும் சேர்ந்து மின்னியது.

மணி நேரிலேயே வந்துவிட்டார். நல்ல ஆகிருதியான ஆள். “இன்னா சார், என் பேருக்கு ரெண்டு பக்கமும் முட்டு குடுத்து வச்சிக்கிறீங்க? நான் சாஞ்சிடுவேன்னா?”

ஓனருக்குக் கோபம் தலைக்கேறியது. “ஒரு பேர எழுதுறதுக்கு அர நாளு. அதுவும் தப்பு. இன்னொருக்கா இப்பிடி ஆச்சின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்.”

பொட்டலம் சார் தலைகுனிந்து என் பக்கம் வந்தார். “என் தப்புதான்க்கா. காது கட்டுறதுக்குன்னே மெஷினு மொழியிலயே ஒரு ஆளு இருக்கான். அவங்கிட்ட குடுத்திருக்கணும், கையால கட்டியிருக்கக்கூடாது. அதவிட நல்லது, டிபன் கேரியர் மாதிரி, ஒவ்வொண்ணையும் தனித்தனி அடுக்குல வச்சே நீட்டிடணும். பிரிக்கிற வேலையே வராது.” சொல்லிவிட்டுத் தன் கேரியரைத் திறந்தார். அதில் ஊறுகாய்க்கு ஓர் அடுக்கு, உப்புக்கு ஓர் அடுக்கு.

அந்தத் தையில் என் கடைசிப் பெண் செல்விக்கு வளவனூரில் கல்யாணம். படம் எல்லாம் எங்கள் ஆபீசுக்கே வந்தது. போட்டோக்காரர் தன் கேமராவிலிருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். இன்னொரு நகல் எடுத்து வைக்கும் வழக்கம் ஆபீசில் இல்லை. பொட்டலம் சார் கேட்டு அலுத்திருந்தார்.

கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொள்கிறவள் நான். அன்று மட்டும் மறந்துபோய் ஒரு படத்தில் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து நிற்கிற படம் இந்த ஜென்மத்தில் அது ஒன்றுதான். பொட்டலம் சார் திரையில் காட்டினார். “இது ‘வளவனூர்’. செல்வி இங்க இருக்குது. பக்கத்துல ‘வளவனூர் பழசு’, முடிஞ்சிபோன கல்யாணப் படமெல்லாம். ஒட்டினாப்புல ரெண்டு வூடு.”

ஆல்பம் ஆரம்பிக்கும் முன்பே மெஷினில் இடம் தீர்ந்துபோனது. பொட்டலம் சார் அன்று அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டத் திண்டிவனத்திலேயே நின்றுவிட்டார். “பழச நாளைக்கி வந்து அழிக்கிறேன், யாரும் தொடாதீங்க” என்று போனில் சொல்லியிருந்தார்.

“ஒரு வரி. அதுக்கு ஒரு நாளா? பேஜாரு புடிச்ச ஆளு” என்று ஓனரே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் டீயோடு உள்ளே போனேன். ஓனர் வரியை அடித்து முடித்துவிட்டு, போட்டோக்காரர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “வளவனூர் பழச இப்ப அழிச்சிடுறேன். நீ ஜல்தி அனுப்பு.”

திரையைப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் காது தெரியும். அந்த வரியில் காதே இல்லை. கடைசியில் இரண்டு வார்த்தை, நடுவில் கொஞ்சம் இடம்.

வளவனூர் ஒன்று, பழசு ஒன்று. செல்வியும் போகிறாள், என் சிரிப்பும் போகிறது.

சொல்ல வேண்டும். ஓனரிடம் நான் இதுவரை வாய் திறந்ததே இல்லை. ஓனர் போனை வைத்தார், விரலைத் தூக்கினார். மேசைக்கு அடியில் மெஷினுக்குக் கரண்டு போகிற சுவிட்ச் ஒன்று உண்டு. தினமும் அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்குவேன். குனிந்து அதை அமுக்கினேன். திரை அணைந்தது.

“ஏம்மா, இன்னா பண்ண?”

நான் சுவரைப் பார்த்தேன். அவர் மூன்று தடவை கேட்டார், நான் மூன்று தடவையும் சுவரைத்தான் பார்த்தேன். கடைசியில் பொட்டலம் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினார்.

“அக்காகிட்ட குடுங்க” என்றார் அவர். “அக்கா, இன்னா பாத்தீங்க?”

“காது இல்லீங்க சார்.”

“எதுக்கு?”

“வளவனூர் பழசுக்கு.”

“ஓனரு என்டர் தட்டிட்டாரா?”

“இல்லீங்க.”

“அந்த சுவிட்ச வுட்டு நவுராதீங்க. வந்துக்கினே இருக்கேன்.”

சொன்னபடி வந்தார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்ட நிலையில் கறுப்புக் கண்ணாடியோடு ஓனரின் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்தார். “எல்லாருக்கும் காது வச்சிட்டானா?” என்று கேட்டார். வீட்டிலும் இதே கூத்துதான் போலிருக்கிறது.

பொட்டலம் சார் அதே உத்தரவை அழிக்காமல், எதெது போகும் என்று மட்டும் காட்டச் சொல்லி அடித்தார். இரண்டு வரி வந்தது. முதல் வரி செல்வி இருக்கிற ‘வளவனூர்’ என்று காட்டினார். ஓனர் இரண்டையும் படித்தார். பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

“இனிமே ஒரு வாரம் ஆனாலும் நீயே அழிப்பா” என்றார்.

பொட்டலம் சார் எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் தானே டீக்கடையிலிருந்து எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார். அதற்கும் சீட்டு எழுதித்தான் போயிருக்கிறார்.

அடுத்த மாதம் செல்வியின் ஆல்பம் வந்தது. கடைசிப் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் நிற்கிறோம், நான் சிரிக்கிறேன். கீழே இரண்டு பெயர். என் பெயருக்கு மட்டும் முன்னால் இரண்டு கோடு, பின்னால் இரண்டு கோடு.

“அச்சுல தப்பா வுட்டுட்டாங்க சம்பந்தி, திருப்பிக் குடுத்து மாத்திக்கினு வாங்க” என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

இருக்கட்டும் என்று சொல்லி, ஆல்பத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.